அலுவலக நாட்காட்டியையும் வீட்டு நாட்காட்டியையும் ஒரே பார்வையில் காண்பது எப்படி?

கேள்வி: தண்டையார்பேட்டை வாசகி
ராஜாஜி சாலையில் ஒரு கப்பல் முகவர் அலுவலகத்தில் பணிபுரிகிறேன். கூட்டங்களும் ஷிப்ட் பட்டியலும் அலுவலக அவுட்லுக்கில் உள்ளன. மகளின் தேர்வுகளும், அம்மாவை ஸ்டான்லி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லும் நாட்களும் என் சொந்தக் கூகுள் கேலெண்டரில் உள்ளன. அம்மாவின் சிகிச்சை விவரம் அலுவலகத்தாருக்குத் தெரியாத வகையில், இரண்டையும் ஒரே திரையில் பார்க்க வழி உண்டா?

பதில் 1: பெரம்பூர் வாசகர்
உண்டு. ஆனால் இரண்டையும் ஒன்றில் கொட்டிவிடாதீர்கள். தனித்தனியாகவே இருக்கட்டும், பார்வை மட்டும் ஒன்றாகட்டும். அலுவலகம் அனுமதித்தால், கைபேசியின் நாட்காட்டிச் செயலியில் இரு கணக்குகளையும் சேர்த்து, வெவ்வேறு நிறம் கொடுத்தாலே போதும். அவுட்லுக் நாட்காட்டியை ஐசிஎஸ் இணைப்பாக (பிற நாட்காட்டிச் செயலிகளும் படிக்கக்கூடிய இணைய முகவரியாக) வெளியிட்டு, அந்த முகவரியைக் கூகுள் கேலெண்டரில் சேர்ப்பது இன்னொரு வழி. ஆனால் அதில் பார்க்க மட்டுமே முடியும், திருத்த முடியாது. மாற்றங்கள் வந்து சேர 12 மணி நேரம்கூட ஆகலாம் என்பதால், ஷிப்ட் பட்டியலுக்கு அது பொருந்துமே தவிர, காலையில் மாறிய கூட்டத்தை மதியம் அறிந்துகொள்ள அதை நம்ப முடியாது.

பதில் 2: ராயபுரம் வாசகர்
பல நிறுவனங்கள் இவ்வாறு வெளியிடுவதைத் தடுத்து வைத்திருக்கும்; ஐ.டி. பிரிவிடம் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். அந்த இணைப்பு கிடைத்த எவரும் உள்ளே இருப்பதைப் பார்க்கலாம் என்பதால், கடவுச்சொல்லைப் போலவே அதைக் காக்க வேண்டும். மருத்துவமனை நாளைப் பொறுத்தவரை, அலுவலக நாட்காட்டியில் அந்த நேரத்தைக் காரணம் எழுதாமல் ‘வேலையாக உள்ளேன்’ என்று மட்டும் அடைத்து வையுங்கள். சக ஊழியர்கள் அறிய வேண்டியது உங்களுக்கு நேரம் உண்டா இல்லையா என்பதுதான். அம்மாவின் உடல்நிலையைச் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் உரிமை.

தண்டையார்பேட்டை வாசகி
மிக்க நன்றி. நியூயார்க் அலுவலகத்துடனான வாராந்திர அழைப்பை நானே என் நாட்காட்டியில் எழுதி வைத்திருக்கிறேன். அது ஆண்டுக்கு இருமுறை ஒரு மணி நேரம் தள்ளிப்போவது ஏன்?

பதில் 3: திருவொற்றியூர் வாசகர்
அமெரிக்காவின் பெரும்பகுதியில் மார்ச் மாத இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி முன்னே வைத்து, நவம்பர் முதல் ஞாயிறன்று பழைய நிலைக்குக் கொண்டுவருவார்கள். நம் நேரம் மாறுவதே இல்லை. ஆகவே அங்கே காலை 10 மணி என்பது கோடையில் நமக்கு இரவு 7:30, குளிர்காலத்தில் இரவு 8:30. நிகழ்வை உருவாக்கும்போதே நேர மண்டலத்தை நியூயார்க் என்று தேர்ந்தெடுத்துவிட்டால், நம் திரையில் அது தானாகவே சரியான நேரத்துக்கு நகரும். அதைவிட நல்லது, அங்குள்ளவர்களே அழைப்பிதழ் அனுப்பி, நீங்கள் அதை ஏற்றுக்கொள்வது. அவர்கள் தேதியை மாற்றினாலும் உங்கள் பதிவு உடன் மாறும்.