வைக்கிங் வரலாறு: சாகாக்களை நம்பிப் படிக்கலாமா?

கலங்கரை:
பழைய ஸ்காண்டிநேவியக் கடலோடிகளான வைக்கிங்குகளைப் பற்றிய ஒரு தொடரை ஆறு இரவுகளில் பார்த்து முடித்தேன். அதில் எதிரியின் முதுகைப் பிளந்து, விலா எலும்பை விரித்து, நுரையீரலை வெளியே இழுத்து ‘ரத்தக் கழுகு’ என்று ஒரு தண்டனை தருகிறார்கள். தேடிப் பார்த்தால் ஒருவர் உண்மை என்கிறார், இன்னொருவர் கட்டுக்கதை என்கிறார். நம்பிப் படிக்க எங்கே தொடங்குவது?

நெடுங்கணக்கு:
ஐஸ்லாந்துச் சாகாக்களில் தொடங்குங்கள். வைக்கிங்குகளின் வழிவந்தவர்கள் சொந்த மொழியில் எழுதி வைத்த உரைநடைக் கதைகள். 793இல் இங்கிலாந்தின் லிண்டிஸ்பார்ன் மடம் சூறையாடப்பட்டதைப் பற்றிப் பாதிரிமார் எழுதியதை மட்டும் படித்தால் கொள்ளைக்காரர்கள்தான் தெரிவார்கள். சாகாவில் நிலத் தகராறு, வழக்கு, கணவனை விலக்கிவிட்டுப் போகும் மனைவி எல்லாம் உண்டு.

தோணித்துறை:
இதை ஒப்பமாட்டேன். சாகாக்களில் பெரும்பாலானவை 13ஆம் நூற்றாண்டில் ஏட்டில் ஏறியவை. எழுதியவர்கள் கிறிஸ்தவர்கள். ஓடின், தோர் என்ற அவர்களுடைய பழைய தெய்வங்களைப் பற்றி நமக்கு இவ்வளவு சொல்லும் ஐஸ்லாந்து எழுத்தாளர் ஸ்நோரி ஸ்டுர்லுசன் பிறந்ததே 1179இல்.

ரத்தக் கழுகையே பாருங்கள். மிகப் பழைய சான்று, 11ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சிக்வாத்தரின் நான்கு குறுவரிகள். இங்கிலாந்தின் யார்க்கில் இருந்த ஈவார், எல்லா என்ற மன்னனின் முதுகைக் கழுகால் கீறவைத்தான், அவ்வளவுதான். விலா எலும்பும் இல்லை, நுரையீரலும் இல்லை. போரில் விழுந்தவனைக் கழுகும் காக்கையும் கொத்துவது அந்தக் கவிதைகளில் அன்றாடப் பேச்சு. அவனைக் கொன்று கழுகுக்கு இரையாக்கினான் என்றே இதைப் படிக்கலாம் என்று 1984இல் ஆய்வாளர் ராபர்ட்டா ஃபிராங்க் வாதிட்டார். நுரையீரலை வெளியே இழுத்துப் போட்டவர்கள் பின்னால் வந்த கதைசொல்லிகள்!

நெடுங்கணக்கு:
ஒரு கவிதையை வைத்து மொத்தச் சாகாவையும் தள்ளுவீர்களா? 1960இல் நார்வேக்காரரான ஹெல்கே இங்ஸ்டாட் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் வைக்கிங் குடியிருப்பைக் கண்டது சாகாக்கள் சொன்ன, கடலுக்கு மேற்கே இருந்த வின்லாந்து என்ற நிலத்தைத் தேடிப் போனதால்தான். மண்வெட்டியை எங்கே கொண்டுபோக வேண்டும் என்று சொன்னது கதை.

தோணித்துறை:
வழி காட்டியது, சரி. ஆண்டைச் சொன்னது மரம். 993ஆம் ஆண்டின் சூரியப் புயல் மரவளையத்தில் விட்டுப்போன கார்பன் தடயத்தைப் பிடித்து, அங்கிருந்து பட்டை வரை வளையங்களை எண்ணினார்கள். அங்கே மரம் வெட்டப்பட்டது 1021இல். எந்தச் சாகாவிலும் இந்த எண் கிடையாது.

வேம்படி:
மண்ணும் தானாகப் பேசுவதில்லை, தோணித்துறை. சுவீடனின் பிர்காவில் 1878இல் ஒரு கல்லறையைத் தோண்டினார்கள். வாள், கோடாரி, ஈட்டி, இரண்டு குதிரைகள். ஆயுதத்தைப் பார்த்து ஆண் என்று எழுதிவைத்தார்கள். 2017இல் மரபணுச் சோதனை பெண் என்றது. அவள் போராடியவளா, ஆயுதங்கள் வெறும் மரியாதையா என்று இன்னும் சண்டை ஓய்ந்தபாடில்லை.

கலங்கரை, இவர்கள் இருவரும் விட்டுவிட்ட ஒருவர் இருக்கிறார்: இப்னு ஃபத்லான். 921இல் பாக்தாத் கலீபாவின் தூதுக்குழுவோடு கிளம்பி, ரஷ்யாவின் வோல்கா ஆற்றங்கரையில், வைக்கிங்குகள் என்று பலர் கருதும் ரூஸ் வணிகர்களை நேரில் பார்த்தவர். தலைவனின் பிணத்தைக் கப்பலோடு எரித்ததை அருகில் நின்று எழுதியிருக்கிறார். புரியாததை மொழிபெயர்ப்பாளரிடம் கேட்டேன் என்றும் சொல்கிறார்.

தோணித்துறை:
ரூஸ் என்றால் எல்லோரும் ஸ்காண்டிநேவியர்களா என்பதே தகராறு. ஆனாலும் கண்ணால் கண்டவர் என்பதற்குத் தலை வணங்குகிறேன்.

நெடுங்கணக்கு:
அவரும் அந்நியர்தானே! அருவருப்போடு எழுதியவர்.

கலங்கரை:
அவரிடமே தொடங்குகிறேன், அளவில் சிறியது போலிருக்கிறது. பிறகு சாகா. கடைசியாக ஒன்று: அந்தக் கொம்பு வைத்த தலைக்கவசம்?

தோணித்துறை:
1876இல் ஜெர்மன் இசையமைப்பாளர் வாக்னரின் இசை நாடகத்துக்கு உடை தைத்தவர் மாட்டிவிட்ட கொம்பு. நார்வேயில் 1943இல் கிடைத்த கவசத்தில் கண்ணைச் சுற்றி மூக்குக்கண்ணாடி போல ஒரு சட்டம் உண்டு, கொம்பு இல்லை.

வேம்படி:
கலங்கரை, இப்னு ஃபத்லானில் ரூஸ்கள் ஒரே பாத்திரத்து நீரில் வரிசையாக முகம் கழுவி, மூக்குச் சிந்தும் பகுதி வரும். சாப்பிடும்போது படிக்காதீர்கள்.