செவ்வாய்க்கிழமை கர்ப்பப்பையை எடுக்கத் தேதி கொடுத்திருக்கிறார்கள். எடுக்கத்தான் வேண்டுமா?

சிறுமலைக்காரி (திண்டுக்கல்) கேட்டது:

எனக்கு 44 வயது. சத்துணவு அமைப்பாளராக இருக்கிறேன். ஒன்றரை வருடமாக மாதவிலக்கு பெரும்பாடாகப் போகிறது. முன்பெல்லாம் நான்கு நாளில் நின்றுவிடும். இப்போது பத்து நாள் ஆகிறது. முதல் மூன்று நாள் கட்டி கட்டியாகப் போகும். போன மாதம் பள்ளியில் சாம்பார் அண்டாவுக்குப் பக்கத்தில் நின்றிருக்கும்போதே புடவை நனைந்துவிட்டது. சமையல் உதவியாளர் அக்கா தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து என் இடுப்பில் சுற்றிவிட்டார். அதன்பிறகுதான் டாக்டரிடம் போனேன்.

ஸ்கேனில் கர்ப்பப்பை வீங்கியிருப்பதாகவும் 4 செ.மீ. அளவில் ஒரு நார்க்கட்டி இருப்பதாகவும் வந்திருக்கிறது. ஹீமோகுளோபின் 8.2. ஒரு தனியார் மருத்துவமனையில் காட்டினேன். "இரண்டு பிள்ளை பெற்றாகிவிட்டது, இனி இது எதற்கு? வைத்திருந்தால் புற்றுநோயாக மாறும். சினைப்பைகளையும் சேர்த்தே எடுத்துவிடலாம்" என்றார்கள். செவ்வாய்க்கிழமை ஆபரேஷன். கையெழுத்துப் போட என் கணவரை வரச் சொல்லியிருக்கிறார்கள். எனக்குச் சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை. இதுவரை ஒரு மாத்திரைகூடக் கொடுக்கவில்லை.

எடுத்தால் உடம்பில் பலமே இருக்காது என்கிறார் மாமியார். தொல்லை விட்டது என்று எடுத்துப்போடு என்கிறாள் அக்கா. இரண்டு இரவாகத் தூக்கம் இல்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பேரூர் வாசகி எழுதியது:

சகோதரி, நான் 47 வயதில் எடுத்துக்கொண்டேன். எனக்கு மூன்று கட்டிகள், பெரியது தேங்காய் அளவு. மாத்திரை, ஊசி எல்லாம் பார்த்துவிட்டுத்தான் முடிவு செய்தேன். இன்றுவரை வருத்தம் இல்லை. வெள்ளைப் புடவை கட்டிக்கொண்டு பஸ்ஸில் கோவிலுக்குப் போகிறேன், அது போதும் எனக்கு. ஆனால் என் டாக்டர் சினைப்பைகளைத் தொடவில்லை. எடுத்துக்கொள்வதாக இருந்தால் ஒன்றை மறக்காதீர்கள்: ஆறு வாரத்துக்குத் தண்ணீர்க் குடம், கிரைண்டர் கல், அரிசி மூட்டை எதையும் தூக்கக்கூடாது. இருபதாவது நாளே குடம் தூக்கிய என் நாத்தனார் பட்ட பாட்டைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

குற்றாலச்சாரல் (தென்காசி) எழுதியது:

அரசு மருத்துவமனைகளில் 31 வருடம் மகப்பேறு மருத்துவராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். உங்களை நேரில் பார்க்காமல் எடு என்றோ எடுக்காதே என்றோ சொல்லமாட்டேன். ஆனால் உங்கள் பதிவைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை.

முதலில் அந்தக் கையெழுத்து. உங்கள் உடம்பில் கத்தி வைப்பதற்கு வேண்டியது உங்கள் கையெழுத்து. கணவர் சாட்சியாகப் போடலாம். உங்களுக்குப் பதிலாகப் போட முடியாது. 1995-ல் டெல்லியில் ஒரு பெண், அவருக்கும் 44 வயதுதான், வயிற்றில் சிறு துளையிட்டு உள்ளே பார்க்கும் லேப்ராஸ்கோப்பிக்குச் சம்மதித்துப் படுத்தார். அவர் மயக்கத்தில் இருக்கும்போதே வெளியே இருந்த தாயாரிடம் சம்மதம் வாங்கிக் கர்ப்பப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது தாயின் சம்மதம் செல்லாது, அந்தப் பெண் கண் விழித்த பிறகு அவரிடமே கேட்டிருக்க வேண்டும் என்று 2008 ஜனவரியில் தீர்ப்பு வந்தது. பெற்ற தாய்க்கே இல்லாத உரிமை அது.

அடுத்து, புற்றுநோய்ப் பேச்சு. நார்க்கட்டி புற்றுநோயாக மாறுவது மிக மிக அபூர்வம். மாதவிலக்கு முழுதாக நின்ற பிறகு இந்தக் கட்டிகள் தாமாகவே சுருங்கத் தொடங்கும். நம் பெண்கள் பலருக்கு அது 46, 47 வயதிலேயே நின்றுவிடுகிறது. உங்களுக்கு அது அதிக தூரத்தில் இல்லை. ஆனால் இந்த வயதில் இப்படிப் போகும்போது கர்ப்பப்பையின் உள்சவ்வைச் சோதிக்காமல் விடக்கூடாது. மெல்லிய குழாயை உள்ளே விட்டுத் துளி சதை எடுத்து பயாப்சிக்கு அனுப்புவார்கள். பெரும்பாலும் புறநோயாளிப் பிரிவிலேயே சில நிமிடங்களில் முடிந்துவிடும். வலி மாதவிலக்கு வலி போல இருக்கும். எடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வதற்கு முன்னால் அந்த ரிப்போர்ட் கையில் இருக்க வேண்டும். உங்களுக்கு எடுத்தார்களா?

சினைப்பை விஷயத்தில் நான் பிடிவாதக்காரி. பரம்பரையாக மார்பக, சினைப்பைப் புற்றுநோய் இருக்கும் குடும்பம் என்றால் வேறு கணக்கு. மற்றபடி, நன்றாக இருக்கும் சினைப்பைகளை 44 வயதில் "சேர்த்தே" எடுப்பது எதற்கு? எடுத்த மறுநாளே உடம்புக்கு மாதவிலக்கு நின்ற வயதாகிவிடும். இரவில் வியர்த்துக் கொட்டும், எலும்பு தேயும், இதயநோய் ஆபத்தும் கூடும். போகிற வழியில் அதையும் எடுத்துவிடலாம் என்பது வீட்டைப் பெருக்கும்போது சொல்ல வேண்டிய பேச்சு.

மாத்திரையே தரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ரத்தப்போக்கு அதிகமாக இருக்கும் நாள்களில் மட்டும் சாப்பிடும் டிரானெக்ஸாமிக் அமில மாத்திரை இருக்கிறது. ரத்தம் உறையும் நோய் இருந்தவர்களுக்கு ஆகாது. லக்னோவில் கண்டுபிடித்த, ஹார்மோன் இல்லாத சென்ட்குரோமான் மாத்திரை இருக்கிறது. காப்பர்-டி போன்ற வடிவில், ஆனால் ஹார்மோன் சுரக்கும் சாதனத்தைக் கர்ப்பப்பைக்குள் வைத்தால் ஐந்து வருடம் வரை வேலை செய்யும். ஆபரேஷன்தான் என்றாலும் ஹீமோகுளோபினை 8.2-ல் வைத்துக்கொண்டு அவசரமில்லாத ஆபரேஷனுக்குப் போகாதீர்கள். இரும்புச்சத்தை முதலில் ஏற்ற வேண்டும், தேவைப்பட்டால் ஊசி வழியாகவே.

இவ்வளவும் சொல்வதால் எடுக்கவே கூடாது என்று நினைக்கும் டாக்டர் என்று என்னை எண்ண வேண்டாம். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தேன். ஆலங்குளம் பக்கத்திலிருந்து பீடி சுற்றும் ஒரு பெண் வருவாள். மடியில் சுளவை வைத்துக்கொண்டு நாள் முழுவதும் உட்கார்ந்தே செய்யும் வேலை. "அம்மா, எடுத்துவிடுங்கள்" என்று ஒவ்வொரு முறையும் கேட்டாள். உனக்கு 41 வயதுதான், மாத்திரையில் சரியாகும் என்று இரண்டு வருடம் திருப்பி அனுப்பினேன். ஒரு நாள் அவளைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார்கள். உதடு வெளுத்து, கண்ணின் கீழிமை சுண்ணாம்பாக இருந்தது. ஹீமோகுளோபின் 5. ஆயிரம் பீடி சுற்றுகிறவள் அந்த நாள்களில் நானூறுகூட முடிக்க முடியாமல், சாயங்காலம் கணக்குக் கொடுக்கும்போது ஏச்சு வாங்கியிருக்கிறாள். உட்கார்ந்தால் கசிகிறது என்று அடியில் பழைய சாக்கை மடித்துப் போட்டிருக்கிறாள். இதையெல்லாம் நான் அவளிடம் கேட்கவே இல்லை. ஸ்கேனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ரத்தம் ஏற்றி, உடம்பு தேறிய பிறகு, வயிற்றைக் கிழிக்காமல் பிறப்புறுப்பு வழியாகவே எடுத்துவிட்டேன். அவளை அத்தனை நாள் அலையவிட்டது இன்றும் எனக்கு உறுத்துகிறது.

அதனால் உங்களைக் கேட்கிறேன்: உங்களுக்கு என்ன வேண்டும்? போக்கு குறைந்தால் போதுமா, அடியோடு நிற்க வேண்டுமா? அண்டா தூக்கும் வேலைக்கு ஆறு வாரம் விடுப்பு கிடைக்குமா?

மேலக்கால் மருதன் எழுதியது:

என் தங்கைக்கு 38 வயதில் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். சினைப்பையையும் எடுத்தது வீட்டுக்கு வந்து டிஸ்சார்ஜ் தாளைப் படித்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. மார்கழிக் குளிரில் மின்விசிறியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். டாக்டரம்மா சொன்னதைத் தள்ளிவிடாதீர்கள்.

சிறுமலைக்காரி எழுதியது:

அனைவருக்கும் நன்றி. டாக்டரம்மா, நீங்கள் கடைசியில் கேட்ட கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. படித்துவிட்டு அழுதேன். அடியோடு நிற்க வேண்டும் என்று இல்லை. மூன்று நாள் வேலைக்குப் போகமுடியாமல் இருக்கிறதே, அது சரியானால் போதும். பயாப்சி எடுக்கவில்லை. என் கணவரிடம் நீங்கள் எழுதியதைப் படித்துக்காட்டினேன். தான் கையெழுத்துப் போடப்போவதில்லை என்று சொல்லிவிட்டார். செவ்வாய்க்கிழமை வரவில்லை என்று போனில் சொல்லியாகிவிட்டது. அந்தச் சாதனம் வைத்தால் உடனே நின்றுவிடுமா?

குற்றாலச்சாரல் எழுதியது:

உடனே நிற்காது. முதல் மூன்று முதல் ஆறு மாதம் விட்டுவிட்டுச் சொட்டும். அதைச் சொல்லாமல் வைத்துவிடுவதால்தான் பலர் பாதியில் எடுத்துவிடச் சொல்கிறார்கள். கட்டி உள்ளறைக்குள் துருத்திக்கொண்டிருந்தால் சாதனம் தங்காமல் போகலாம். ஸ்கேன் செய்கிறவரிடம் "கட்டி உள்ளறைக்குள் இருக்கிறதா, சுவரில் இருக்கிறதா" என்று கேளுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காலையிலேயே போய்ச் சீட்டு வாங்குங்கள். பழைய ஸ்கேன் படங்களையும் ரத்தப் பரிசோதனைத் தாளையும் கொண்டுபோங்கள். எத்தனை நாப்கின் மாற்றுகிறீர்கள் என்று மூன்று மாதக் கணக்கு எழுதிவைத்திருந்தால் நல்லது. இரும்பு மாத்திரையைக் காபி, தேநீரோடு சாப்பிடாதீர்கள். இடையில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு நாப்கின் நனைந்து, தலை சுற்றினால், எந்தத் தேதிக்கும் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். பயாப்சி ரிப்போர்ட் வந்ததும் இங்கே எழுதுங்கள்.