ஃபைப்ரொயிட்டுக்கு விற்றமின் டி கொடுக்கலாமா?

நிலாவெளிப் பாமசி:
ஃபைப்ரொயிட் எண்டா கர்ப்பப்பையில வளர்ற, புற்றுநோய் இல்லாத கட்டி. அது 3 சென்ரிமீற்றருக்குள்ள, இரத்தப்போக்கு அதிகமில்லை, ஆனா இரத்தத்தில விற்றமின் டி குறைவு. இப்படி வாறவையை "ஆறு மாதம் கழிச்சு ஸ்கான் எடுங்கோ" எண்டு வெறுங்கையோட அனுப்புறது பிழை. இந்த விற்றமின் ஃபைப்ரொயிட் கலங்கள் பெருகுறதையும், கட்டியை இறுக்கிற கொலாஜன் எண்ட நார்ப்புரதம் சேருறதையும் ஆய்வுகூடத்தில அடக்குது. 2013 இல வந்த அமெரிக்க ஆய்வில, இரத்தத்தில விற்றமின் டி மில்லிலீற்றருக்கு 20 நனோகிராமுக்கு மேல இருந்த பெண்களுக்குக் கட்டி இருக்கிற வாய்ப்பு 32 சதவீதம் குறைவு. 2016 இல வந்த இத்தாலி ஆய்வில கொடுத்த முறை: வாரம் 50,000 சர்வதேச அலகு (IU), 8 வாரம், பிறகு நாளுக்கு 2,000 அலகு, ஒரு வருசம்.

உப்புவெளி மிஸ்ஸி:
அண்ணா, முதல் ஆய்வு தொடர்பை மட்டும்தான் காட்டுது. இத்தாலி ஆய்வு குலுக்கல் முறையில ஆக்களைப் பிரிச்சு நடந்ததில்லை. ஆய்வுகூடத் தட்டில கலங்களை அடக்கின செறிவு, குளிசை போட்டு உடம்பில வாறதை விட மிகக் கூட.

ஸ்கானையும் பாருங்கோ. மூன்று பக்க அளவையும் பெருக்கி 0.52 ஆல பெருக்கினா கனவளவு வரும். 3 சென்ரிமீற்றர் உருண்டை 14 மில்லிலீற்றர். அடுத்த முறை வேற ஆள் 2.7 எண்டு அளந்தா 10. கால்வாசிக்கு மேல சுருங்கிட்டுது எண்டு சந்தோசப்படுவினம். அந்த மூன்று மில்லிமீற்றர், புரோப்பை (உடம்பில வைக்கிற ஸ்கான் கருவியை) சரிச்சுப் பிடிச்சாலே வரும்.

அளவை விட இடம் முக்கியம். கர்ப்பப்பைக் குழிக்குள்ள தள்ளிக்கொண்டு நிக்கிற 2 சென்ரிமீற்றர் கட்டி, வெளிச்சுவரில இருக்கிற 6 சென்ரிமீற்றர் கட்டியை விடக் கூட இரத்தம் போகவைக்கும். அப்பிடி இரத்தம் கூடப் போறவவுக்கு ஈமோகுளோபினும் ஃபெரிற்றினும் (உடம்பில உள்ள இரும்புச் சேமிப்பு) பார்த்து, இரும்புக் குளிசை தொடங்கி, போக்கு நாளில இரத்தப்போக்கைக் குறைக்கிற டிரனெக்சாமிக் அசிட் பொருந்துமோ எண்டு டொக்டர் முடிவெடுக்க வேணும். இரும்போட பிளேன்டீ குடிச்சா அது உடம்பில சேருறது குறையும்.

கிண்ணியா வாசகி:
எங்கட ஊரில இல்லாத வெயிலா? குளிசை எதுக்கு?

நிலாவெளிப் பாமசி:
திருகோணமலை டச் பே கடற்கரையில பின்னேரம் ஐந்து மணிக்கு நடக்கிற வெயில் காணாது தங்கச்சி. நிழல் உங்கட உயரத்தை விடக் குட்டையா விழுற நேரத்திலதான் தோல் நல்லா விற்றமின் டி செய்யும். யன்னல் கண்ணாடிக்குள்ளால வாற வெயிலில அது நடக்காது. முழுக்க மூடின உடுப்பு, கறுத்த தோல் எண்டா இன்னும் குறையும். சாளையும் ரின்மீனும் நல்லது, ஆனா குறைபாட்டை அது மட்டும் நிரப்பாது.

மிஸ்ஸி, போக்கு கூடினவை கிளினிக்குக்குத்தான் போக வேணும், அதில எனக்கு மறுப்பில்லை. ஆனா குறைபாடு இருந்தா எலும்புக்காகவாவது கொடுக்கத்தானே வேணும்? அதோட கட்டி வளர்றதும் மெதுவானா லாபம்.

உப்புவெளி மிஸ்ஸி:
குறைபாட்டுக்கு எண்டு சொல்லிக் குடுங்கோ. "கட்டி கரையும்" எண்டு சொன்னா, ஈமோகுளோபின் 7க்கு இறங்கும் வரைக்கும் வீட்டில இருப்பினம். எனக்குக் கோபம் அதிலதான்.

குடுக்கேக்க மூண்டு இடத்தில பிழைக்குது. இரத்த றிப்போட்டில விற்றமின் டி 48 எண்டு இருந்தா, எந்த அளவீட்டில எண்டு பாருங்கோ: லீற்றருக்கு நனோமோல் எண்டா அது மில்லிலீற்றருக்கு 20 நனோகிராமுக்கும் கீழ. 50,000 அலகுக் குளிசை வாரத்துக்கு ஒண்டு. நாளுக்கு ஒண்டு எண்டு போட்டா கல்சியம் ஏறி, தாகம், சத்தி, மலச்சிக்கல், சிறுநீரகப் பாதிப்பு வரும். அல்ஃபாகல்சிடோல் எண்ட, விற்றமின் டி போல வேலை செய்யிற மருந்தை இதுக்குப் பதிலாத் தூக்கிக் குடுக்காதேங்கோ. அது குறைபாட்டை நிரப்பாது, கல்சியத்தை மட்டும் கெதியா ஏத்தும்.

நிலாவெளிப் பாமசி:
பெட்டியில "கிழமைக்கு ஒருக்கா, சாப்பாட்டோட" எண்டு கிழமையின்ர பேரையும் சேர்த்துத் தமிழில எழுதி ஒட்டுவம். அடுத்த ஸ்கானை அதே இடத்தில எடுத்து, மூன்று பக்க அளவையும், கட்டி குழிக்குள்ளயா சுவருக்குள்ளயா எண்டதையும் எழுதித் தரச் சொல்லுங்கோ.