ஷாம்பெயின் காக்டெய்லில் கோன்யாக் எவ்வளவு சேர்க்க வேண்டும்?

பாரிஸ்வாசி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பாரிஸ் புறநகர் ஒன்றில் வசிக்கிறேன். தங்கையின் நிச்சயதார்த்தத்தையொட்டி வீட்டில் நடக்கவிருக்கும் சிறிய விருந்தில், மது அருந்தும் எட்டுப் பேருக்கு மட்டும் வரவேற்புப் பானமாக ஷாம்பெயின் காக்டெய்ல் கொடுக்கலாம் என்று எண்ணியிருக்கிறோம். சர்க்கரைக் கட்டியை அங்கோஸ்துரா பிட்டர்ஸ் என்ற கசப்புச் சாற்றில் நனைத்துக் கோப்பையில் இட்டு, கோன்யாக் பிராந்தியை ஊற்றி, அதன்மேல் ஷாம்பெயினை நிரப்ப வேண்டும் என்ற அடிப்படை தெரியும். ஆனால் கோன்யாக்கின் அளவை ஒரு குறிப்பு 10 மில்லி என்கிறது, இன்னொன்று 30 மில்லி என்கிறது. ஒத்திகையாகச் செய்து பார்த்தபோது நுரை பொங்கி வழிந்தது; முதல் வாய் புளிப்பாகவும் கடைசி வாய் பாகு போலவும் இருந்தது; கட்டி முழுவதும் கரையவும் இல்லை. கரண்டியால் கலக்கிவிடலாமா? வீட்டில் வி.எஸ்.ஓ.பி. வகைக் கோன்யாக் இருக்கிறது, மாமா அதைவிட நீண்ட காலம் முதிர்ந்த எக்ஸ்.ஓ. ஒன்றைக் கொண்டுவருவதாகச் சொல்கிறார். எதைப் பயன்படுத்துவது? ஷாம்பெயினுக்குப் பதிலாக விலை குறைந்த வேறு ஏதேனும் பொருந்துமா?

தக்கைதிறப்பான்

மதுக்கூடப் பணியில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: 10 மில்லியே போதும். சர்வதேச மதுக்கலவையாளர் சங்கத்தின் செய்முறையும் 90 மில்லி குளிர்ந்த ஷாம்பெயின், 10 மில்லி கோன்யாக், இரண்டு சொட்டல் அங்கோஸ்துரா, ஒரு சர்க்கரைக் கட்டி என்றுதான் சொல்கிறது. விரும்பினால் சில துளி கிராண்ட் மார்னியே என்ற ஆரஞ்சு மணமுள்ள இனிப்பு மதுவைச் சேர்க்கலாம். 12 சதவீத ஷாம்பெயின் 90 மில்லியும் 40 சதவீத கோன்யாக் 10 மில்லியும் சேரும்போது கோப்பையில் ஏறத்தாழ 12 கிராம் ஆல்கஹால் இருக்கும். கோன்யாக்கை 30 மில்லியாக்கினால் அது 18 கிராமாக உயர்கிறது. பிரான்ஸில் ஒரு நிலையான அளவு என்று கணக்கிடப்படுவது 10 கிராம்தான் என்பதால், வெறும் வயிற்றில் வரும் விருந்தினருக்கு வாசலிலேயே இரண்டு அளவைக் கொடுத்துவிட்டு, அவர்கள் காரோட்டி வீடு திரும்புவார்கள் என்று எதிர்பார்ப்பது முறையல்ல. சுவைக் கணக்கிலும் இதுவே சரி. பிராந்தி மிகுந்தால் ஓக் மர வாசனை மேலேறி ஒயினின் மெல்லிய மணத்தை அமுக்கிவிடும்.

நுரை பொங்கியதற்கு வெப்பமே முதற்காரணம் என்று நினைக்கிறேன். ஷாம்பெயின் குளிர்ந்திருந்தாலும், அலமாரியிலிருந்து எடுத்த கோன்யாக்கும் அறை வெப்பத்திலிருந்த கோப்பையும் அதைச் சூடேற்றிவிடுகின்றன. சூடேறிய ஒயினால் கரியமில வாயுவைத் தன்னுள் பிடித்து வைத்திருக்க முடியாது. கோப்பை, கோன்யாக், ஷாம்பெயின் மூன்றையும் குளிர்பதனப் பெட்டியில் வைத்துவிடுங்கள். இதற்கு மேல் சர்க்கரைக் கட்டியின் சொரசொரப்பான பரப்பில் ஆயிரக்கணக்கான நுண்ணிய காற்றறைகள் இருப்பதால், ஒவ்வொன்றும் குமிழி பிறக்கும் இடமாகிவிடுகிறது. ஆகவே கோப்பையைச் சாய்த்துப் பிடித்து, உட்சுவரை ஒட்டி, முதலில் இரண்டு விரற்கடை மட்டும் ஊற்றி, நுரை அடங்கிய பிறகு மீதியை நிரப்புங்கள்.

பிட்டர்ஸை நேராகக் கோப்பையில் உதறாமல், கட்டியை ஒரு காகிதக் கைக்குட்டையின்மேல் வைத்து உதறினால் மிகுதி காகிதத்தில் இறங்கிவிடும். கோன்யாக்கை ஒயினுக்கு முன்பே ஊற்றுவதற்கும் காரணம் உண்டு: அது ஒயினைவிட அடர்த்தி குறைந்தது, கடைசியில் ஊற்றினால் மேலேயே மிதந்து முதல் வாயிலேயே காரம் ஏறும், முதலில் ஊற்றினால் நிரம்பும் ஒயினே அதைக் கலந்துவிடும். எனவே கரண்டிக்கு வேலையே இல்லை. கலக்கினால் குமிழிதான் போகும். கட்டி முழுவதும் கரையாததைக் குறையாக எண்ண வேண்டாம். வறண்ட சுவையில் தொடங்கி இனிப்பை நோக்கி மெல்ல நகர்வதே இந்தப் பானத்தின் இயல்பு. பாகு போன்ற முடிவு பிடிக்கவில்லையென்றால் சிறிய கட்டியாகத் தேர்ந்தெடுங்கள்.

எக்ஸ்.ஓ. வேண்டாம். 2018 முதல் அந்தப் பெயரைத் தாங்கக் குறைந்தது பத்தாண்டுகள் பீப்பாயில் இருந்திருக்க வேண்டும். அத்தகைய ஒன்றைச் சர்க்கரையிலும் பிட்டர்ஸிலும் மூழ்கடிப்பது மாமாவுக்குச் செய்யும் மரியாதை ஆகாது. நான்காண்டு முதிர்ந்த வி.எஸ்.ஓ.பி. நன்றாகப் பொருந்தும், இரண்டாண்டு வி.எஸ். கூடப் போதும்.

பழங்குறிப்பு

மேலே சொன்ன 10 மில்லிக்கு வரலாறும் துணை நிற்கிறது. 1806-ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்து ஹட்சன் நகரின் செய்தித்தாள் ஒன்று காக்டெய்ல் என்பதற்கு மது, சர்க்கரை, நீர், பிட்டர்ஸ் ஆகியவற்றின் கலவை என்றே விளக்கம் தந்தது. மதுவும் நீரும் இருந்த இடத்தில் ஷாம்பெயினை வைத்துவிட்டால் நம் பானம் கிடைத்துவிடுகிறது. 1862-இல் ஜெர்ரி தாமஸ் வெளியிட்ட செய்முறையிலும் சர்க்கரை, பிட்டர்ஸ், எலுமிச்சைத் தோல், ஷாம்பெயின் ஆகியவையே உள்ளன, பிராந்தி இல்லை. பிராந்தி பின்னால் வந்து சேர்ந்த விருந்தாளி என்பதால் அது வீட்டுக்காரரை விரட்டாத அளவில் இருப்பதே நல்லது. பிட்டர்ஸ் அப்படியல்ல, அது இதன் முதுகெலும்பு. சீகர்ட் என்ற ஜெர்மன் மருத்துவர் வெனிசுவேலாவின் அங்கோஸ்துரா நகரில் 1824-இல் உருவாக்கிய அந்தக் கசப்புச் சாறு இன்று டிரினிடாடில் தயாராகிறது. அதை விட்டுவிட்டுச் செய்தால் வெறும் இனிப்பு ஒயின்தான் மிஞ்சும்.

லுவார்க்கரை

பிரான்ஸில் இருந்துகொண்டு விலையைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. லுவார், அல்சாஸ், லிமூ ஆகிய பகுதிகளின் கிரேமான் ஒயின்கள் ஷாம்பெயினைப் போலவே புட்டிக்குள் இரண்டாம் முறை நொதித்தவை. குறைந்தது ஒன்பது மாதங்கள் ஈஸ்ட் படிவின்மேல் இருந்தவை. விலையோ மிகக் குறைவு. ஸ்பெயினின் காவாவும் அதே முறையில் தயாராவதுதான். இத்தாலியின் புரொசெக்கோ பெரும்பாலும் தொட்டியில் நொதிப்பது. பழ மணம் கூடுதலாகவும் ரொட்டி மணம் இல்லாமலும் இருப்பதால் கோன்யாக்கோடு எனக்கு அது ஒட்டுவதில்லை.

புட்டியின் மேலுள்ள சொற்களில் ஒரு பொறி இருக்கிறது. 'எக்ஸ்ட்ரா ட்ரை' என்று போட்டிருந்தால் மிகவும் வறண்டது என்று நம்பிவிடாதீர்கள். அதில் லிட்டருக்கு 12 முதல் 17 கிராம் வரை சர்க்கரை இருக்கும். 'புரூட்' என்பதில் 12 கிராமுக்குக் குறைவு, 'எக்ஸ்ட்ரா புரூட்' என்பதில் 6 கிராமுக்கு மேல் இல்லை. சர்க்கரைக் கட்டியை நாமே போடுவதால் கடைசி இரண்டில் ஒன்றை வாங்குங்கள். 750 மில்லி புட்டியில் 90 மில்லி வீதம் எட்டுக் கோப்பைகள் நிரம்பும். கணக்கு சரியாக முடிந்தாலும் யாராவது இரண்டாவது கேட்பார்கள் என்பதால் இரண்டு புட்டிகளைக் குளிரவையுங்கள்.

தக்கைதிறப்பான்

கிரேமான் பற்றிச் சொன்னதில் எனக்கும் உடன்பாடே. ஆயினும் ஈஸ்ட் படிவின்மேல் நீண்ட காலம் இருந்த ஷாம்பெயினின் வறுத்த ரொட்டி மணமும் கோன்யாக்கின் ஓக் மணமும் சேரும்போது கிடைப்பது வேறு. ஒருமுறையாவது ஒப்பிட்டுப் பாருங்கள்.

நந்திமலை

பெங்களூரிலிருந்து எழுதுகிறேன். இங்கே முயல்வோருக்காக ஒரு குறிப்பு. நாசிக் பகுதியில் தயாராகும் புரூட் ஒயின்கள் இதற்குத் தாராளமாகப் போதும். சிக்கல் பிராந்தியில்தான். தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் கிடைக்கும் மலிவான பிராந்திகளில் பல, கரும்பு மொலாசஸிலிருந்து எடுத்த எரிசாராயத்தை அடிப்படையாகக் கொண்டவை. திராட்சையைக் காய்ச்சி வடித்து மரப்பீப்பாயில் முதிரவைத்த கோன்யாக்கின் இடத்தில் அவற்றை ஊற்றினால் வெனிலா எசன்ஸ் வாசனைதான் முன்னே நிற்கும். நல்ல திராட்சைப் பிராந்தி கிடைக்காவிட்டால், 1862 செய்முறைப்படி பிராந்தியே இல்லாமல் செய்வது மேல்.

பாரிஸ்வாசி

அனைவருக்கும் நன்றி. ஒரே ஒரு சந்தேகம்: கோன்யாக்கை எலுமிச்சைச் சாற்றுடன் ஷேக்கரில் குலுக்கி, ஷாம்பெயின் ஊற்றும் வகையும் இதுவேதானா? இனிப்பு விரும்பாத இருவருக்கு அதைக் கொடுக்கலாமா?

தக்கைதிறப்பான்

அது வேறு பானம். முதல் உலகப் போர்க்காலத்துப் பிரெஞ்சு 75 மில்லிமீட்டர் பீரங்கியின் பெயரால் 'ஃப்ரெஞ்ச் 75' என்று அழைக்கப்படுவது. பெரும்பாலான இடங்களில் ஜின் ஊற்றுகிறார்கள். நியூ ஆர்லியன்ஸில் அர்னாட்ஸ் உணவகத்தில் கோன்யாக் ஊற்றுகிறார்கள். 30 மில்லி கோன்யாக், 15 மில்லி எலுமிச்சைச் சாறு, 10 மில்லி சர்க்கரைப் பாகு ஆகியவற்றைப் பனிக்கட்டியுடன் நன்றாகக் குலுக்கி வடிகட்டி, மேலே 60 மில்லி ஷாம்பெயின் சேருங்கள். புளிப்பு தூக்கலாக இருப்பதால் இனிப்பு வேண்டாதவர்களுக்கு ஏற்றது. ஆனால் ஆல்கஹாலும் கூடுதல் என்பதைச் சொல்லிக் கொடுங்கள். ஷாம்பெயினை எக்காரணம் கொண்டும் ஷேக்கருக்குள் ஊற்றிக் குலுக்காதீர்கள். உள்ளே எழும் அழுத்தத்தில் மூடி தெறித்துவிடும்.