1/48 கேமல் F.1 கிட்டை கப்பல் கேமல் 2F.1 ஆக மாற்ற?

கேள்வி: முதல் உலகப் போர் கால பிரிட்டிஷ் போர் விமானமான சாப்வித் கேமல் F.1இன் மாடல் கிட் கையில் இருக்கிறது. கப்பலிலிருந்து பறந்த வகையான 2F.1க்கு இறக்கையில் எவ்வளவு வெட்டணும்?

பதில் 1: F.1 இறக்கை நீளம் 28 அடி, 2F.1க்கு 26 அடி 11 அங்குலம். வித்தியாசம் 1/48ல் சுமார் 7 மி.மீ. நுனியில் கை வைக்காதீர்கள், வடிவமே கெட்டுவிடும். மேல் இறக்கையில் நடுப்பகுதியிலிருந்து 7 மி.மீ., கீழ் இறக்கையில் உடலோடு சேரும் அடியில் பக்கத்துக்கு 3.5 மி.மீ. வெட்டுங்கள். மேல் இறக்கையை உடலோடு இணைக்கும் நடுத் தாங்கிகள் அசலில் மெல்லிய எஃகுக் குழாய்; 0.6 மி.மீ. பித்தளைக் கம்பி போதும். முனையை உப்புத்தாளில் உரசி, துளையிட்டுச் செருகுங்கள். வெறுமனே சூப்பர் க்ளூவில் ஒட்டினால் இறக்கைகளுக்கிடையே இழுகம்பிகளாக நூல் கட்டும்போது பிடுங்கிக்கொள்ளும்.

பதில் 2: மேலே சொன்னதோடு ஒன்று. கீழ் இறக்கை 5 டிகிரி மேல்நோக்கிச் சாய்ந்தது, மேலது தட்டை. அடியை வெட்டும்போது பழைய முகத்தின் சாய்வையே பிடித்து ரம்பத்தை ஓட்டுங்கள். 3.5 மி.மீ. உள்ளே வருவதால் இரு இறக்கைகளையும் இணைக்கும் வெளித் தாங்கி நிற்கும் இடம் 0.3 மி.மீ. தாழும், கிட் தாங்கி எட்டாது. அதனால் வெளித் தாங்கிகளை முதலில் நிறுத்தி, நடுத் தாங்கிக்கான பித்தளைக் கம்பியைப் பிறகு அளந்து வெட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்: நன்றி! துப்பாக்கி?

பதில் 1: இடப்பக்க விக்கர்ஸ் இயந்திரத் துப்பாக்கி ஒன்று, மேல் இறக்கையில் லூயிஸ் இயந்திரத் துப்பாக்கி ஒன்று. வலப்பக்க விக்கர்ஸை எடுத்து அந்தத் தடத்தை நிரப்புங்கள். 11 ஆகஸ்ட் 1918ல் விமானி கல்லி செப்பலின் வான்கப்பல் L53ஐ வீழ்த்திய N6812 எண் விமானத்தைச் செய்வதென்றால் லூயிஸ் இரண்டு.