சொந்தமாக டெக் பிளாக்: தமிழில் எழுதலாமா, ஆங்கிலத்திலா?

பொள்ளாச்சி_ஜாவா:

எல்லோருக்கும் வணக்கம். கோவையில் ஒரு சின்ன கம்பெனியில் பேக்எண்ட் (சர்வர் பக்க) வேலை பார்க்கிறேன். ஜாவா, அதன் ஃபிரேம்வொர்க்கான ஸ்பிரிங் பூட், போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ். பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். வேலையில் எங்காவது சிக்கி, தோண்டித் துருவிச் சரிசெய்தால் அதை ஒரு டெக்ஸ்ட் ஃபைலில் எழுதி வைக்கும் பழக்கம் உண்டு. அந்த ஃபைல் இப்போது ரொம்பவே நீண்டுவிட்டது. டீமில் புதிதாகச் சேருகிறவர்கள் கேட்டு வாங்கிப் போகிறார்கள். அதிலிருந்துதான் இந்த பிளாக் ஆசை.

எந்த மாதிரி விஷயம் என்று புரிய ஒன்றைச் சொல்கிறேன். எங்கள் கிளையண்ட் ஒருவருக்கு வாடிக்கையாளர் பெயர்கள் தமிழ் அகர வரிசையில் வர வேண்டும். டேட்டாபேஸில் வரிசைப்படுத்த ஆர்டர் பை போட்டால் கனகா முதலில் வருகிறாள், கமலா பின்னால். அகராதிப்படி ம முன்னால் வரும், ன கடைசி. ஆனால் ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு எண் தரும் யூனிகோடில் ந-வுக்கு அடுத்த இடமே ன-வுக்குத்தான். எங்கள் டேட்டாபேஸ் 'சி' கொலேஷனில் (வரிசைப்படுத்தும் விதி) இருந்ததால் யூனிகோட் எண் வரிசையை அப்படியே பின்பற்றிவிட்டது. தமிழுக்கான ஐசியு (பல மொழிகளின் வரிசை விதிகள் உள்ள லைப்ரரி) கொலேஷனைக் கொடுத்ததும் சரியானது. போஸ்ட்கிரெஸ் 10-இலிருந்தே இந்த வசதி இருக்கிறது.

இப்போது என் சந்தேகம். இதையெல்லாம் தமிழில் எழுதினால் யார் படிப்பார்கள்? ஆங்கிலத்தில் எழுதினால் இன்டர்வியூவில் காட்டலாம்தான், ஆனால் ஒரு பாரா முடிப்பதற்குள் எனக்கு விடிந்துவிடும். அப்புறம் பிளாக்கை எதில் நடத்துவது, பிளாகரா, வேர்ட்பிரஸ்ஸா, ஹியூகோவா? ஆபீஸில் ஏதாவது பிரச்சினை வருமா? எல்லோரும் ஏஐயிடம் கேட்கிற காலத்தில் பிளாக் படிக்க ஆள் இருக்கிறார்களா என்பதும் ஒரு பக்கம் உறுத்துகிறது.

செமிகோலன்:

ஹியூகோ. யோசிக்கவே வேண்டாம். எழுதியதை வெப் பக்கங்களாக மாற்றித் தரும் ஒரே ஒரு புரோகிராம் ஃபைல், டவுன்லோட் செய்தால் வேலை முடிந்தது. அதே வேலை செய்யும் ஜெக்கில் என்றால் ரூபி மொழியைப் போட்டு மல்லுக்கட்ட வேண்டும். தளத்தை வெளியிட இடம் தரும் கிட்ஹப் பேஜஸில் ஏற்றினால் செலவும் கிடையாது. தளம் 1 ஜிபிக்குள் இருக்க வேண்டும், ட்ராஃபிக் மாதம் 100 ஜிபி வரை. யூனிகோடைச் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8இல் தமிழுக்கு ஒவ்வொரு குறியீடும் 3 பைட் எடுக்கும் என்றாலும் நீளமான பதிவுகூடச் சில பத்து கேபியைத் தாண்டாது. ஸ்கிரீன்ஷாட்தான் இடத்தைத் தின்னும்.

பிளாகர் நல்லதுதான், ஆனால் கோடில் வரும் ஆங்கிள் பிராக்கெட்டை (<, >) எல்லாம் எச்டிஎம்எல் குறியீடாக மாற்றிப் போட வேண்டியிருக்கும். அந்த பிராக்கெட் நிறைய வரும் ஜெனரிக்ஸ் எழுதுகிற ஜாவாக்காரருக்கு அது தண்டனை. தீம் தேடுவதிலேயே உட்கார்ந்துவிடாதீர்கள், அவ்வளவுதான்.

டிபிஏ_அக்கா:

தம்பி, ஹியூகோ பற்றி செமிகோலன் சொல்லிவிட்டார். நான் மொழிக்கு வருகிறேன்.

கனகா, கமலா தகராறு யாருக்கு வரும்? தமிழ்ப் பெயர்களை டேட்டாபேஸில் வைத்திருப்பவருக்குத்தான். நூலகத்துக்கு மென்பொருள் செய்பவர், கூட்டுறவுச் சங்கத்துக்குச் செய்பவர், கல்யாண மண்டபத்துக்குச் செய்பவர். அவர்கள் எல்லோருக்கும் தமிழ் தெரியும். அதை எதற்கு ஆங்கிலத்தில் எழுத வேண்டும்? மற்ற குறிப்புகளையும் இப்படியே பாருங்கள். அந்தப் பிரச்சினையில் மாட்டிக்கொள்பவர் யாரோ, அவருடைய மொழியில் எழுதுங்கள். புது லைப்ரரி ஒன்றில் நீங்கள்தான் முதலில் ஒரு பிழையைக் கண்டீர்கள் என்றால் அதை ஆங்கிலத்தில் போடுங்கள். அதை எழுதியவரும் படிக்க வேண்டுமல்லவா?

நடுவில் ஒரு ரகம் இருக்கிறது. ஸ்பிரிங்கில் டிரான்சாக்ஷன் போட்டும் டேட்டா ரோல்பேக் ஆகவில்லை (பழைய நிலைக்குத் திரும்பவில்லை) என்று எல்லா ஜாவாக்காரரும் ஒருநாள் புலம்புவார்கள். ரன்டைம் எக்ஸப்ஷன் வந்தால் அது தானாக ரோல்பேக் செய்யும், கையாளும்படி கம்பைலர் வற்புறுத்தும் செக்டு எக்ஸப்ஷனுக்கு நாம்தான் தனியாகச் சொல்ல வேண்டும். இதை ஆங்கிலத்தில் எழுதியவர்கள் ஏராளம், உங்களுடையது அந்தக் கூட்டத்தில் காணாமல் போகும். தமிழில் எழுதினால் உங்களைப் போலத் தமிழ் மீடியத்திலிருந்து வந்த கல்லூரிப் பிள்ளைக்கு உதவும். என் ஓட்டு தமிழுக்கு.

எழுதும்போது மூன்று விஷயம் கவனியுங்கள். எரர் மெசேஜை ஒரு எழுத்துகூட மாற்றாமல் ஆங்கிலத்திலேயே போடுங்கள், படமாக அல்ல, டெக்ஸ்டாக. மாட்டிக்கொண்டவர் அதைத்தான் காப்பி செய்து தேடுவார். பதிவின் தலைப்பு தமிழில் இருக்கட்டும், ஆனால் அதன் லிங்க் முகவரியை ஆங்கில எழுத்தில் சின்னதாக வையுங்கள். தமிழ் முகவரியைக் காப்பி செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பினால் பல நேரம் ஒவ்வொரு குறியீடும் 9 எழுத்தாக விரியும். 'வணக்கம்' என்ற ஒரு சொல்லில் புள்ளிகளையும் சேர்த்து 7 குறியீடு, ஆக 63 எழுத்து. பார்ப்பவர் வைரஸ் லிங்க் என்று நினைத்து ஓடிவிடுவார். அப்புறம் பக்கத்தின் மொழி தமிழ் என்று எச்டிஎம்எல்லில் குறிப்பிடுங்கள். பல தீம்களில் ஆங்கிலம் என்றே இருக்கும்.

அடுத்த பதிவுக்கும் ஒரு விஷயம் தருகிறேன். பைத்தானின் ரெகுலர் எக்ஸ்பிரஷனில் (டெக்ஸ்டில் ஒரு வடிவத்தைத் தேடும் முறை) சொற்களைப் பிரிக்க பேக்ஸ்லாஷ் டபிள்யூ பிளஸ் போடுவோமே, அதை 'வணக்கம்' மீது ஓட்டிப் பாருங்கள். 'வணக', 'கம' என்று இரண்டு துண்டு வரும். புள்ளியும் கால், கொம்பு எல்லாமும் யூனிகோடில் எழுத்து வகையில் சேராது, குறி வகையில் சேரும். பைத்தான் அவற்றை வெட்டிவிடுகிறது. தமிழில் தேடல் வசதி எழுதும் எல்லோரும் இந்தப் பள்ளத்தில் விழுகிறார்கள்.

படிக்க ஆள் உண்டா என்று கேட்டீர்கள். ஃபைலைக் கேட்டு வாங்கிப் போகிறவர்கள் வேறு யாராம்? ஆனால் கூட்டம் தானாக வரும் என்று நினைக்காதீர்கள். ஒரு காலத்தில் தமிழ் பிளாக்குகளைத் தொகுத்துக் காட்டிய தமிழ்மணம் திரட்டியில் சேர்த்தால் போதும், வாசகர் வந்துவிடுவார். பல பிளாக்குகளை ஒரே இடத்தில் படிக்க உதவிய கூகுள் ரீடரையும் 2013-இல் மூடிவிட்டார்கள். ஆனாலும் புதுப் பதிவுகளை வாசகரின் செயலிக்குத் தெரிவிக்கும் ஆர்எஸ்எஸ்ஸை அணைக்காதீர்கள், ஹியூகோ அதைத் தானாகவே செய்துதரும். 2012-இலிருந்து தமிழில் கணினிநுட்பக் கட்டுரைகள் வெளியிடும் கணியம் தளத்தையும் ஒருமுறை பாருங்கள்.

பொள்ளாச்சி_ஜாவா:

ரொம்ப நன்றி அக்கா, பைத்தான் விஷயத்தை ஓட்டிப் பார்த்தேன், அப்படியே துண்டாகிறது! ஆபீஸ் பற்றி யாராவது சொல்லுங்களேன்.

இரவு_ஷிஃப்ட்:

வேலையில் சேரும்போது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை எடுத்து, அறிவுசார் சொத்து என்ற பகுதியைப் படியுங்கள். சிலவற்றில் வேலையில் இருக்கும் வரை எழுதுவதெல்லாம் கம்பெனிக்கே சொந்தம் என்கிற அளவுக்கு இருக்கும். அப்படி இருந்தால் மேனேஜரிடம் மெயிலில் கேட்டுவிடுங்கள், வாய்ப்பேச்சு வேண்டாம். நான் முன்பு இருந்த இடத்தில் ஒருவர் பதிவில் போட்ட ஸ்கிரீன்ஷாட்டில் கிளையண்டின் டேபிள் பெயர்கள் தெரிந்தன. பதிவையே தூக்கச் சொன்னார்கள்.

ஆகவே ஆபீஸ் கோடைக் காப்பி செய்து பெயரை மட்டும் மாற்றாதீர்கள். உங்கள் சொந்த லேப்டாப்பில் ஒரு காலி டேட்டாபேஸ், இரண்டு பெயர், அதே பிரச்சினை வருகிற மாதிரி புதிதாகச் செய்யுங்கள். பெரும்பாலும் அப்படிச் சுருக்கும்போதுதான் நமக்கே காரணம் சரியாகப் பிடிபடும்.

இன்னொன்று: கிட்ஹப்பில் ஏற்ற, மாற்றங்களைச் சேமிக்கும் ஒவ்வொரு கிட் கமிட்டிலும் உங்கள் பெயரும் மின்னஞ்சலும் சேர்ந்தே போகும். ஃபைல்கள் இருக்கும் ரெப்போ பப்ளிக் என்றால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். அதை மறைக்க கிட்ஹப்பே ஒரு பதில் அனுப்ப முடியாத முகவரி தரும். முதல் கமிட்டுக்கு முன்பே அதை அமைத்துவிடுங்கள். பிறகு மாற்ற வேண்டுமென்றால் ஹிஸ்டரியைத் திருத்தி எழுத வேண்டும்.

செமிகோலன்:

டொமைனையும் (தளத்துக்குச் சொந்தப் பெயர்) இப்போதே வாங்கிவிடுங்கள். முதல் வருடத் தள்ளுபடியைப் பார்க்காதீர்கள், புதுப்பிக்கும் விலையைப் பாருங்கள்.

டிபிஏ_அக்கா:

எதற்கு அவசரம்? கிட்ஹப் பேஜஸில் டொமைனைப் பின்னால் சேர்த்தாலும் பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு அதுவே திருப்பிவிடும். ஐந்தாறு பதிவு வந்த பிறகு வாங்கட்டும்.