அவசரக் காயச் சிகிச்சைப் பை: அசல் டூர்னிக்கே எங்கே கிடைக்கும்?

ஆற்காட்டிலிருந்து வேலூருக்கு நாள்தோறும் பைக்கில் வேலைக்குச் சென்று வருகிறேன். மூன்று மாதங்களுக்கு முன், மேல்விஷாரம் அருகே விபத்தில் தொடை கிழிந்து கிடந்த ஒரு பையனின் காயத்தில் என் துண்டை மடித்து வைத்து இரு கைகளாலும் அழுத்திப் பிடித்தேன். 108 வண்டி வரும்வரை துண்டு நனைந்துகொண்டே இருந்தது. அன்று முதல் ஒரு சிறு பையைக் கூடவே வைத்திருக்கிறேன்.

நைட்ரைல் கையுறை, காஸ் சுருள், அழுத்தக் கட்டு, துணி வெட்டும் கத்தரிக்கோல், நேரம் குறிக்க மார்க்கர் ஆகியவற்றை வாங்கிவிட்டேன். கை கால்களில் அழுத்தியும் நிற்காத இரத்தப்போக்கை, காயத்துக்கு மேலே இறுக்கிக் கட்டி நிறுத்தும் பட்டையான டூர்னிக்கேதான் சிக்கல். மருந்துக் கடைகளில் கேட்டால், இரத்தம் எடுக்கும்போது கட்டும் மெல்லிய ரப்பர் பட்டையைத்தான் தருகிறார்கள். அது தொடைக்குப் பயன்படாது. இணையத்தில் மலிவாக வாங்கிய, ஏறத்தாழ 4 செ.மீ. அகலமுள்ள ஒன்றை என் தொடையிலேயே கட்டிப் பார்த்தபோது, மூன்றாவது சுற்றில் பட்டையை முறுக்கி இறுக்கும் கோல் வளைந்து, வெல்க்ரோவும் பிரிந்துவிட்டது. போலி என்றே நினைக்கிறேன். உயிர் காக்கும் பொருளில் இதைப் பொறுத்துக்கொள்ள முடியாது.

சீட்டுக்கு அடியில் வேலூர் வெயிலில் கிடந்து பிளாஸ்டிக் கெடக்கூடும் என்பதால், பையைத் தோளிலேயே மாட்டிக்கொள்கிறேன். ஆகவே சிறியதாக மடிவது அவசியம்.

கேட் (CAT) ஏழாம் தலைமுறை அல்லது சாஃப்டி அகல (SOFTT-W) வகை டூர்னிக்கேவை, அசல் என்ற உறுதியுடனும் பில்லுடனும் வேலூரிலோ சென்னையிலோ எங்கே வாங்கலாம்?